முதுகுவலி தொழிலோடு பிறந்ததல்ல

மாலையில் எந்த லயத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்கா, அடுப்பு மூட்டுமுன் இடுப்புக்குத் தைலம் தேய்ப்பார். "என்னக்கா, வலியா?" என்று கேட்டால், "இது எப்பவும் உள்ளதுதானே" என்பார். மலையேறினால் வலிக்கத்தான் செய்யும் என்று பாட்டி சொன்னார், அம்மா சொன்னார், இன்று நாமும் சொல்கிறோம். இந்தப் பேச்சை நாம் விட வேண்டும்.

வலியை ஏன் மறைக்கிறோம்? சொன்ன கிலோ குறைந்தால் அரைப்பேர். வேலைக்குப் போகாவிட்டால் அதுவும் இல்லை. வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியும், வலி தெரியாது. அதனால் "நடிக்கிறா" என்கிறார்கள். மலையில் மட்டுமல்ல, சில வீடுகளிலும் அதே பேச்சுத்தான். ஆனால் வலியை அளக்கும் கருவி பெரிய ஆஸ்பத்திரியிலும் கிடையாது. பூச்சியத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று வைத்தியரே நோயாளியிடம் கேட்டுத்தான் எழுதுகிறார். வலிக்கிறவரின் சொல்தான் சாட்சி.

வெளியே சொல்லாத வலிக்குக் கடை மாத்திரையே வைத்தியமாகிறது. அங்கேதான் ஆபத்து. 500 மில்லிகிராம் பரசிட்டமோல், வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. இடையில் நான்கு மணித்தியாலமாவது விட வேண்டும். கூடினால் ஈரல் கெடும். மெலிந்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவற்றை நாட்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். பிரஷர், சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது. பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சாதாரண முதுகுவலிக்கு நாட்கணக்கில் படுத்துக் கிடப்பதும் சரியல்ல. முடிந்தளவு நடமாடினால்தான் சீக்கிரம் குணமாகும். ஆனால் முதுகுவலியோடு கால் விறைத்தால், கால் பலம் குறைந்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீர் நெஞ்சுவலி என்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

இவ்வளவும் தனி ஆள் செய்யக்கூடியது. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து, சரிவில் நின்று, பாரத்தைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு வரும் வலியைத் தைலம் மட்டும் தீர்க்காது. வேலை செய்யும் விதம் மாற வேண்டும். நிறுவை பக்கத்தில் நடந்தால், இடையிடையே பாரத்தை இறக்க முடிந்தால் கழுத்தும் முதுகும் தப்பும். சம்பளத்தைப் போல இதையும் சங்கம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மலையில் வழுக்கி விழுந்தவர், எலும்பு முறியவில்லையே என்று பேசாமல் இருந்துவிடுகிறார். அடுத்த வருஷம் நிமிர முடியாமல் போகும்போது, விழுந்ததற்குச் சாட்சி இல்லை. வேலையில் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் எழுத்தில் இல்லாத விபத்தை நிரூபிப்பது கடினம். ஆகவே விழுந்த அன்றே டிஸ்பென்சரிக்குப் போய்ப் பதிய வையுங்கள். தலைவருக்கும் சொல்லுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எங்கே வலிக்கிறது, எத்தனை மாதமாக வலிக்கிறது, எந்த வேலையில் கூடுகிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். தலைவர்மார் அதை எழுதிக்கொள்ளட்டும். பெண்கள் ஆண்கள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டால், மாதர் கமிட்டி தனியாகக் கூடிக் கேட்கட்டும். ஒரு அக்கா தனியாகச் சொன்னால் நடிப்பு என்பார்கள். நாற்பது பேருடைய வலியை ஒரே தாளில் எழுதித் துரையின் மேசையில் வைத்தால், அப்படிச் சொல்ல முடியாது.