வில்கமுவவுக்கு ஏற்ற ஸ்பானியம்



வஸ்கமுவ தேசிய பூங்காவுக்கு ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் வில்கமுவவிலிருந்து எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் ஸ்பெயின்காரர்கள் நிறைய வருகிறார்களாம். ஜீப்பில் ஏறியதும் வானத்தைப் பார்த்து "வா ஆ யோவேர்?" என்பார்களாம். மழை வருமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லும் அளவுக்காவது பழகுவோமே என்று கைப்பேசியில் பாடம் தொடங்கினால், வசந்தம், இலையுதிர் காலம், வெண்பனி என்று போகிறதாம். "இதெல்லாம் எங்கட ஊருக்கு எப்ப வரும் ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அந்தப் பாடத்தைத் தள்ளி வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையெல்லாம் நக்கிள்ஸ் மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மலை தாண்டி உங்கள் பக்கம் வருவது வறண்ட காற்றுதான். ஆகவே ஆகஸ்டில் அநேகமாக "நோ" என்றே சொல்லிவிடலாம். கூடவே "ஆசே முச்சோ கலோர்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல வெக்கை என்று பொருள். காற்றுக்கு "ஆசே வியெந்தோ", வெயிலுக்கு "ஆசே சோல்". குளிருக்கும் அதே "ஆசே"தான். நமக்கோ வெயில் எறிக்க வேண்டும், காற்று வீச வேண்டும், மழை பெய்ய வேண்டும். தமிழ் படிக்க வரும் ஸ்பெயின்காரர்தான் பாவம்! மழை பெய்கிறது என்பதற்கு மட்டும் "ஆசே" வேண்டாம். "யுவேவே" என்ற ஒரே சொல் போதும்.

பெரும்போக மழையைப் பற்றிப் பேச நிக்கராகுவா, கொஸ்தா ரிக்கா விவசாயிகளின் ஸ்பானியம்தான் உங்களுக்கு நெருக்கம். மே தொடங்கி மாதக்கணக்காக மழை பெய்யும் காலத்தை அவர்கள் "இன்வியேர்னோ" என்கிறார்கள். ஸ்பெயினில் அது குளிர்காலத்தின் பெயர். மழை விட்ட மாதங்கள் அவர்களுக்கு "வெரானோ", அதாவது கோடை. ஐரோப்பாவிலிருந்து போன சொற்களைத் தங்கள் வயலுக்குத் தோதாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் மத்ரித்காரரிடம் ஒக்டோபரில் எங்களுக்கு இன்வியேர்னோ தொடங்கும் என்று சொல்லிவிடாதீர்கள், கம்பளிச் சட்டையோடு வந்து இறங்குவார். அவருக்கு "தெம்பொராதா தே யூவியாஸ்", மழைக்காலம், என்றால் போதும்.

இன்னொன்று. ஸ்பானியத்தில் வானிலை பேச நாம் எல்லோருமே ஏற்கெனவே தொடங்கிவிட்டோம். வானொலிச் செய்தியில் வரும் எல் நினோ, பெரு நாட்டின் பைத்தா துறைமுகத்துக் கடலோடிகள் வைத்த பெயர். நத்தாரை ஒட்டி வரும் வெப்ப நீரோட்டத்தைக் குழந்தை இயேசுவின் பெயரால் அழைத்தார்கள். 1892இல் கமிலோ கரியோ என்ற கடற்படைக் கப்டன் அதை லிமா புவியியல் சங்கத்தில் எடுத்துச் சொன்னார். அந்த நீர் சூடேறினால் அங்கே மீன்பாடு விழுந்துவிடும். நமக்கோ அத்தகைய ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை பெரும்பாலும் கூடுதலாகவே கிடைக்கிறது.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் ஊரில் மழைக்கும் காற்றுக்கும் வழங்கும் சொற்களை எழுதி அனுப்புங்கள். அவற்றுக்கு ஸ்பானியம் தேடித் தருவது எங்கள் பாடு.

அன்புடன்,
ஆசிரியர்