மாடு மேய்ந்தா மலை அழிஞ்சது? கவரிமா மேய்ப்பவனைக் கேளுங்கள்!



கோயிலில் சாமிக்கு வெண்சாமரம் வீசுகிறோமே, அசல் சாமரம் எதன் முடி தெரியுமா? கவரிமாவின் வால்முடி. பலரும் நினைப்பதுபோல் அது மான் இல்லை. இமயமலை உச்சியில் மேய்கிற சடைமாடு. யாக் என்பார்கள். நம்ம மாட்டுக்குப் பங்காளி.

எங்கோ இருக்கிற மாட்டைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று கேட்பீர்கள். நமக்கு இப்போது வந்திருக்கிற வம்பு, அதை மேய்ப்பவர்களுக்கு 1998-லேயே வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறோம்.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்றது. அதே மாதத்தில் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்றது. மட்டும் என்றால் கொஞ்சமா? தேனி, விருதுநகர் பக்கத்து மலைகள் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டன. பர்கூர் மலைக் காடு 2024-ல் தந்தை பெரியார் சரணாலயம் ஆனது. பலகையை மாற்றி நட்டால் போதும், நேற்றுவரை மேய்ந்த மாடு இன்றைக்குக் குற்றவாளி!

காடு அழியுதாம், மாடுதான் காரணமாம். சரி, மேய்ச்சல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

கவரிமா நீளப் புல்லை நம்ம மாடு மாதிரி நாக்கால் சுற்றி இழுக்கும். குட்டைப் புல்லை ஆடு மாதிரி உதட்டாலும் பல்லாலும் ஒட்டக் கறும்பும். பனி மூடினால் குளம்பால் கிளறி, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லைத் தின்னும். இப்பேர்ப்பட்ட மாட்டை ஒரே இடத்தில் வருஷம் முழுக்க விட்டால் மலை மொட்டையாகும். அதை நாங்கள் மறைக்கவில்லை. அதனால்தான் மேய்ப்பவர்கள் அதை ஒரே இடத்தில் விடுவதில்லை. கோடையில் மேலே, குளிர்காலத்தில் கீழே. வெக்கை தாங்காத உயிர், தானாகவே மேலே ஏறப் பார்க்கும்.

வடக்கு சிக்கிமில் லாச்சென், லாச்சுங் என்று இரண்டு ஊர்கள். அங்கே சும்சா என்ற பழைய ஊர்க்கூட்டம்தான் பஞ்சாயத்து. தலைவருக்குப் பெயர் பிபோன். மாடு எந்த நாளில் மேலே ஏறணும், எந்த நாளில் கீழே இறங்கணும் என்று ஊர் கூடி முடிவு செய்யும். நாள் தப்பி விட்டவன் அபராதம் கட்டணும். மாடு மேலே இருக்கும்போதுதான் கீழே புல் வளரும், குளிர்காலத்துக்குத் தீவனம் நிற்கும். கணக்கு அவ்வளவுதான். இதற்கு எந்த ரேஞ்சரும் வந்து பாடம் எடுக்கவில்லை.

அதே சிக்கிமில்தான் 1998-ல் ஒதுக்கப்பட்ட காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. மேற்கு சிக்கிமில் தலைமுறையாகப் பட்டி போட்டவர்கள் கீழே இறக்கப்பட்டார்கள். மாட்டை விற்றவர்கள் உண்டு. சுற்றுலாக்காரர் மூட்டையைச் சுமக்கப் போனவர்களும் உண்டு.

வடக்குக் கோடியில் அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. 1962 போருக்குப் பின் எல்லை அடைபட்டது. திபெத்துப் பக்கம் போய்வந்த மேய்ச்சல் நின்றது. அங்கிருந்து பொலிகாளை வருவதும் நின்று, ஒரே ரத்தம் கலந்து இனம் மெலிந்தது. 2018 டிசம்பரில் தொடங்கிய பனி விடாமல் கொட்டியதில், 2019-ல் முகுதாங் பக்கம் சுமார் 300 கவரிமாக்கள் புல் கிடைக்காமல் பட்டினியில் செத்தன. பனி பெய்தால் யார் என்ன செய்வது என்பார்கள். விலகிப் போக இடம் இல்லாமல் செய்தது பனியா?

2012 கணக்கெடுப்பில் நாட்டில் 77 ஆயிரம் கவரிமா. 2019-ல் 58 ஆயிரம். ஏழே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு காணோம்!

மேய்ச்சலை நிறுத்தினால் காடு செழிக்குமா? உத்தரகண்டில் பூப்பள்ளத்தாக்கு 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. ஆடுமாடு நிறுத்தப்பட்டது. பிறகு ஆளுயரத்துக்கு வளரும் ஒரு செடி பரவி, மற்ற பூச்செடிகளை அமுக்கியது. அதை வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. சும்மா மேய்ந்து போனதை வெளியேற்றிவிட்டுக் கூலி கொடுத்துக் களையெடுக்கிறார்கள்! நம்ம காட்டிலும் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதை யார் பார்க்கவில்லை?

சட்டம் நம்ம பக்கம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(டி): ஒரே இடத்தில் இருந்து மேய்ப்பதும், பருவம் பார்த்து இடம் மாறி மேய்ப்பதும் சமூக உரிமை. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் வாழ்ந்ததைக் காட்டணும். அது கஷ்டம்தான், அநியாயமும்தான். ஆனாலும் மனுவே போடாதவனுக்கு எந்த உரிமையும் எழுதி வராது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியூர் வியாபாரி மாட்டை நம்ம மாட்டோடு சேர்த்து மலைக்கு ஓட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். நாலு பேர் வாங்கும் காசுக்கு நானூறு பேர் பட்டியை இழக்க முடியாது. எந்த ஊர் மாடு எத்தனை, எந்தச் சரிவு எந்த மாதம் மூடல், மீறினால் என்ன அபராதம் என்பதை லாச்சென்காரன் போல நாமே எழுதி, கிராமசபையில் தீர்மானமாக வைப்போம்.

வரும் கிராமசபைக்குக் கட்டாயம் வாருங்கள். சமூக உரிமை கோரும் படிவம் 'பி' சங்கத்தில் கிடைக்கும். பாட்டன் காலத்து மேய்ச்சல் சீட்டு, வனத்துறை ரசீது, பழைய வாக்காளர் பட்டியல், வீட்டு வரி ரசீது எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். காகிதம் கறையான் தின்றிருந்தால், மலையில் பட்டி போட்ட பெரியவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டி வாருங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் அதுவும் சான்றுதான். மனுதாரர் அல்லாத பெரியவராக இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.