வெண்மணி நாள்

டெல்டாவில் டிசம்பர் 31 எதையும் முடித்து வைப்பதில்லை. சம்பா அப்போதுதான் பூத்தும் பால் பிடித்தும் நிற்கிறது. நகைக்கடனும் உரக்கடை பாக்கியும் அறுப்பு வரைக்கும் அப்படியே இருக்கும். எங்களுக்குக் கணக்கு முடிவது தையில், மழை பிந்திய வருஷங்களில் மாசியில். ஆனாலும் டிசம்பரின் கடைசி வாரம் இந்தப் பக்கத்தில் கனமான வாரம். 25-ஆம் தேதி காலையில் செங்கொடி கட்டிய வேன்கள் கீழ்வெண்மணிக்குப் போகின்றன. அன்றைக்கே வேளாங்கண்ணிக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். மறுநாள் நாகப்பட்டினம் கடற்கரையில், 2004-இல் சுனாமி அலை கொண்டுபோனவர்களுக்காகக் கடலில் பாலும் பூவும் விடுகிறார்கள். இது எதுவும் தொடங்குவதற்கு முன்பே, பனி விலகாத இருட்டில், பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுவிடுகிறது.

2025 இந்தப் பகுதிக்கு நல்லதாகவே தொடங்கியது. மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். அணை 120 அடி நிரம்பியது. கடைமடை வரை தண்ணீர் ஓடியது, குறுவை விளைந்தது. அக்டோபர் மழையில் அந்த விளைச்சல் கொள்முதல் நிலையத்து வாசலிலேயே நனைந்து முளைவிட்டது. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்குங்கள் என்று கேட்டோம். தலைவர்கள் வரிசையாக வந்து முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நவம்பர் கடைசியில் டிட்வா புயல், இலங்கையில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு இங்கே வந்து சம்பாவையும் தாளடியையும் மூழ்கடித்தது. அதற்குச் சில மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். தேர்தல் பேச்சில் நெல்லைவிடச் சாமி அதிகம் வருமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. சாமியைக் கும்பிடுகிறவனாகவே அந்தக் கவலையைச் சொல்கிறேன்.

அதனால்தான் ஆண்டு முடிவில் வெண்மணியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணி அப்போது கிழக்குத் தஞ்சையில் இருந்தது. விவசாயத் தொழிலாளர்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு வாருங்கள் என்றது மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம். அவர்கள் இறக்கவில்லை. அன்று இரவு தாக்குதலுக்குப் பயந்து ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்தவர்களை வெளியே விடாமல் தீ வைத்தார்கள். 44 பேர் கருகிப் போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் மக்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களைப் பின்னால் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. சட்டம் படித்த என் நண்பர்கள் பலர் இன்றும் அந்தத் தீர்ப்பைத் தலை குனிந்துதான் பேசுகிறார்கள்.

நாங்கள் மத நல்லிணக்கத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிற ஊர்க்காரர்கள். சொல்லக் காரணமும் உண்டு. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இரண்டாம் சரபோஜியை வளர்த்து ஆளாக்கியவர் கிறிஸ்தவப் பாதிரியார் சுவார்ட்ஸ். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில், சாகக் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றியிருக்கும் பளிங்குச் சிற்பத்தை யாரும் போய்ப் பார்க்கலாம். மொட்டை அடித்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் பலர் நெற்றியில் விபூதி இருக்கும். இவை அத்தனையும் உண்மை. ஆனால் இவை அத்தனையும் இருந்த மண்ணில்தான் பண்ணையாளுக்குத் தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்தார்கள். கோயிலும் தர்காவும் மாதாவும் சூழ்ந்த அதே வயல்காட்டில்தான், ஏசு பிறந்த நாளின் இரவில், அந்தக் குடிசை எரிந்தது. நிலம் யாரிடம் இருக்கிறது, களத்தில் நெல்லை யார் அளக்கிறார்கள் என்ற கேள்வியைத் தொடாத நல்லிணக்கத்துக்கு ஒருவரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சாமிக்குச் சாமி சண்டை இல்லை என்பதில் திருப்திப்பட்டுக்கொண்டு, சேரிக்கு ரோடு வந்ததா என்று கேட்காமல் நூறு ஆண்டு ஓட்டிவிடலாம். ஓட்டியிருக்கிறோம்.

சாணிப்பாலையும் சவுக்கையும் நிறுத்தியது எந்த மடமும் இல்லை. பி. சீனிவாசராவ் 1943-இல் கம்யூனிஸ்ட் கட்சி வேலையாகத் தஞ்சைக்கு வந்தார். கர்நாடகத்தில் பிறந்த பிராமணர், கன்னடக்காரர். சேரியில் தங்கி, சேரியில் சாப்பிட்டு, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தவர். 1948-இல் பண்ணையாள் கூலி பற்றிய மாயூரம் ஒப்பந்தம் வந்ததும், 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அவர் கட்டிய விவசாயிகள் சங்கங்கள் வாங்கிக்கொடுத்தவை. 1961-இல் இறந்தார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. காவிரித் தண்ணீருக்காக இரு மாநிலத்தாரும் பஸ்ஸை எரித்துக்கொள்கிற நாட்களில், மேகதாது அணை என்று யாராவது கத்தும்போது, எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். எங்கள் கடைமடைச் சேரிகளில் கிழவர்கள் இன்றைக்கும் கும்பிட்டபடி சொல்லும் பெயர் ஒரு கன்னடக்காரருடையது.

வெண்மணிக்குப் பிறகு வந்த இன்னும் இருவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். கம்யூனிஸ்டுகளும் இவர்களும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் இல்லை. சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் காந்தியவாதிகள். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-இல் மணந்துகொண்டவர்கள். வினோபாவோடு பூதான நடையில் ஊர் ஊராக நடந்தவர்கள். கிருஷ்ணம்மாள் 1926-இல் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பட்டப்படிப்பு வரை போனவர். வெண்மணிச் செய்தி கேட்டு இருவரும் கிழக்குத் தஞ்சைக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. இங்கேயே தங்கிவிட்டார்கள்.

கிருஷ்ணம்மாளின் பக்தி வள்ளலார் பக்தி. அருட்பெருஞ்ஜோதி என்று சொல்லித்தான் எந்தப் போராட்டத்திலும் இறங்குவார். ஆனால் பிரார்த்தனை முடிந்த பிறகு அவர் செய்தது மிகவும் உலகியலான வேலை. 1981-இல் இருவரும் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், உழுபவருக்கு நிலம் என்பதற்காக. அப்போது மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நிலத்தை விற்க நினைத்தவர்கள் பலர் இருந்தார்கள். வாங்க ஆசைப்பட்ட கூலிக்காரர்களிடம் பணம் இல்லை. கிருஷ்ணம்மாள் இடையில் நின்று விலை பேசினார். வங்கியில் கடன் ஏற்பாடு செய்தார். பத்திரச் செலவைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்தின் படிகளில் ஏறி இறங்கினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்ற அளவில், பெண் பெயரில் எழுதிக் கொடுத்தார். இப்படி 13,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருதும், 2020-இல் பத்மபூஷணும் வந்தன. ஜெகந்நாதன் 2013-இல் காலமானார்.

பெண் பெயரில் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆண் பெயரில் எழுதியிருந்தால் அதில் எத்தனை ஏக்கர் சாராயக் கடைக்குப் போயிருக்கும் என்று அந்த ஊர்ப் பெண்களே கேட்பார்கள். தேவூர்ப் பக்கம் அப்படி நிலம் வாங்கிய குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “எங்கம்மா களத்துல மடி விரிச்சு நின்னுச்சு தம்பி. அளந்து போடுறவரு மூஞ்சிய நிமிந்து பாக்காது. இப்ப எங்களுக்கு ஒரு ஏக்கர்தான். அதுல என்னா லாபம் கெடக்கு? ஆனா மூட்டைய எண்ணுறது நானு.” லாபம் இல்லை என்று அவள் சொன்னதையும் மறைக்கக் கூடாது. ஒரு ஏக்கர் நெல்லில் இன்றைக்கு ஒரு குடும்பம் வாழ முடியாது. அவள் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்புகிற பணத்தில்தான் உரம் வாங்குகிறாள். ஆனாலும் அந்த வயலை விற்கும் பேச்சை எடுத்தால் அவளுக்குக் கோபம் வருகிறது.

கிடைத்த நிலத்தைக் காப்பதும் சுலபமாக இல்லை. தொண்ணூறுகளில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து குடிநீரும் வயலும் உப்பாயின. ஜெகந்நாதன் வயோதிகத்தில் சத்தியாகிரகம் இருந்தார், உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2005-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. வென்றதைத் திரும்பத் திரும்ப வெல்ல வேண்டியிருக்கிறது. ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்கு எதிராக 2017-இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடிய பிறகுதான் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மதத்தில் எனக்கு நம்பிக்கை மிச்சம் இருப்பதற்குக் காரணம் டிசம்பர் 26-ஆம் தேதி. 2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர்கள் கடற்கரையிலேயே மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் மீனவர்கள். அந்த முதல் நாட்களில், அரசாங்கம் வந்து சேரும் முன்னே, கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டை ஜமாத்தார் மீனவக் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்களை ஏற்றுச் சோறு சமைத்துப் போட்டார்கள். சடலங்களை எடுத்தார்கள். அவர்களில் யாரும் குப்பத்து ஆட்களிடம் நீ யார், எந்தச் சாமி என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெரிய அடுப்பு வைத்து அன்னம் போடத் தெரிந்த மதங்கள் நம்முடையவை எல்லாமே. அந்தப் பழக்கம் ஆபத்து நாளுக்கு உதவுகிறது. ஆபத்து இல்லாத நாளில் அடுத்த தெருவுக்குப் போக அதற்கு இன்னும் கால் வரவில்லை.

வெண்மணிக்குப் பிறகு, 1969-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அறுப்புக்கூலி என்ற பேச்சே மாறிவிட்டது. மற்றொன்று குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். இன்றைக்கும் உயிரோடு தேவைப்படுவது இது. டெல்டாவில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் வெளியூர்க்காரர் நிலத்திலும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெயர் இல்லாததால் வெள்ள நிவாரணம் நிலச்சொந்தக்காரர் கணக்குக்குப் போகிறது, பயிர்க்காப்பீடு கிடைப்பதில்லை, கொள்முதல் நிலையத்தில் கிராம நிர்வாக அலுவலரின் சான்று கேட்டு அலைகிறார்கள். அலைய முடியாதவர்கள் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குப் போட்டுவிடுகிறார்கள். டிட்வாவில் மூழ்கிய வயலுக்கும் நாளைக்கு இதே கதைதான் நடக்கும்.

ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் கேட்க எங்கள் ஊரில் சிலர் பேசி வைத்திருக்கிறோம். இந்தத் தாலுகாவில் கோயில் நிலம் எத்தனை ஏக்கர், அதை உழுகிறவர்கள் யார் யார், அதில் எத்தனை பேர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, ஏறாத பெயர்களில் பெண்கள் எத்தனை பேர்? தாசில்தார் அலுவலகத்துக்கு மனு எழுதியாகிவிட்டது. வெண்மணி நாள் அன்று போகிற வேனில் அதன் நகல்களையும் எடுத்துப் போகிறோம், மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் தாலுகா பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போடுவதற்காக.