கலப்புக் கிளிகள்

ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு. ராசிபுரம் தாண்டி நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ரகம், கலப்பு எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மொட்டை மாடியில் கூண்டு வைத்து வெளிநாட்டுக் கிளி வளர்க்கும்போது மட்டும் அது ஏனோ மறந்துபோகிறது! (நம்மூர் பச்சைக்கிளியை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வளர்க்கவே கூடாது. கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலிய பட்ஜி. அது தனிக்கதை.)

சன் கன்யூரையே எடுத்துக்கொள்வோம். கயானா, வட பிரேசில் பக்கத்துப் பறவை. பிடித்துப் பிடித்து விற்றே காட்டில் அருகிவிட்டது. அதே சாயலில் ஜெண்டே கன்யூர் என்று இன்னொன்று, இறக்கை மட்டும் பச்சை. ஜோடி கிடைக்கவில்லை என்று இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் குஞ்சு பொரிக்கும். கோவேறு கழுதை மாதிரி அந்தக் குஞ்சு மலடு இல்லை, அதுதான் வில்லங்கமே. அதை மறுபடி சன் கன்யூரோடு சேர்த்தால், சில தலைமுறையில் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

"நாமக்கல் முட்டைக்கோழியே கலப்புதானே?" என்பார்கள். கலப்புதான். ஆனால் அந்த முட்டையை யாரும் அடைவைப்பதில்லை. அதற்குப் பின்னால் மூல வம்சங்களைத் தனித்தனியாகக் கலக்காமல் வைத்திருக்கிறார்கள். மேச்சேரி ஆட்டுக்குப் பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கிளிக்கு மூலம் எங்கே?

பிரேசிலின் ஸ்பிக்ஸ் மக்காவ் கதை தெரிந்ததுதான். காட்டில் மிஞ்சிய கடைசி ஆண், தன் இனத்தில் துணையில்லாமல் வேறு இனப் பெண்ணோடு ஜோடி சேர்ந்தது. 2000-க்குப் பிறகு அதைக் காணவில்லை. 2022-ல் மறுபடி காட்டில் பறக்கவிட்டது, கூண்டிலேயே கலக்காமல் காப்பாற்றிய வம்சத்தை. அந்தக் கூண்டுகளில் கலந்திருந்தால்?

வேலை பெரிதில்லை. குஞ்சாக இருக்கும்போதே காலில் மூடிய வளையம் மாட்ட வேண்டும், வளர்ந்த பிறகு நுழையாது. தாய் எது, தகப்பன் எது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். சுத்தம் என்று அண்ணன் தங்கையையே ஜோடி போடவும் கூடாது, அது வேறு வகைக் கேடு. 2024 விதிகளின்படி சன் கன்யூர் மாதிரிப் பறவைகளைப் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும், குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவு சரி, ஆனால் எதை எதோடு ஜோடி போடுவது என்பது கூண்டுக்காரர் கையில்தான்.

கலப்புக் குஞ்சு அழகில் ஒன்றும் குறைச்சல் இல்லை. தோளில் வந்து உட்காரும், தாராளமாக வளர்க்கலாம். அதை 'அசல் சன் கன்யூர்' என்று சொல்லி அடுத்தவர் ஜோடி போட விற்கிறார்களே, அதுதான் தப்பு.