அழியும் முன் எடுத்த படம்

2024 மே 1-ந் தேதி. காரியாபட்டி அருகே ஆவியூரில் ஒரு கல்குவாரியின் வெடிமருந்து கிடங்கு வெடித்தது. 3 தொழிலாளிகள் மாண்டார்கள். அந்தக் காட்சி கண்காணிப்பு கேமராவில் பதிவானது. நாடு முழுவதும் பார்த்தார்கள்.

வெடித்ததைப் பார்த்தாயிற்று. குவாரி தோண்டும் முன்பு அந்த நிலம் எப்படி இருந்தது? அந்தப் படம் யாரிடம் இருக்கிறது?

காரியாபட்டி பக்கம் இன்று வீட்டுக்கு வீடு செல்போன் கேமரா உண்டு. காதுகுத்தைப் படம் எடுக்கிறார்கள். கிடா வெட்டைப் படம் எடுக்கிறார்கள். கண்மாய் பெருகினால் விடுவார்களா? அது அபூர்வம் ஆயிற்றே! ஆனால் சும்மா கிடக்கும் கரிசல் காட்டைப் படம் எடுப்பாரில்லை.

அப்படிப்பட்ட நிலத்தையே படம் எடுத்த கலைஞர் ஒருவர் இருக்கிறார்.

டூயட் இல்லாத படம்

அவர் பெயர் அமர் கன்வர். 1964-ல் டெல்லியில் பிறந்தவர். இளமையில் மத்தியப் பிரதேச நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஆராய்ந்தார். பிறகு கேமராவைக் கையில் எடுத்தார். ஒடிசாவில் தொழிற்சாலைகளுக்கு என்று குறிக்கப்பட்ட நிலங்களுக்குப் போனார். நிலம் கைமாறும் முன்பே படம் பிடித்தார். 42 நிமிடப் படம். அதற்கு அவர் வைத்த பெயர், 'குற்றம் நடந்த இடம்'!

சண்டை இல்லை. டூயட் இல்லை. புல் அசைகிறது. தண்ணீர் ஓடுகிறது.

இதை 'வீடியோ கலை' என்கிறார்கள். இது ஓவியக் கண்காட்சிகளில் ஓடும். கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக், 1963-ல் ஜெர்மனியில் டெலிவிஷன் பெட்டிகளையே காட்சிக்கு வைத்தார். இந்தக் கலைக்கு அதுவே ஆரம்பம். பார்க்கப் பொறுமை வேண்டும். 2 நிமிடத்தில் எழுந்து போகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நெல்லும் சாட்சி

தொழிற்சாலை வேண்டாமா? வேண்டும். வானம் பார்த்த பூமி மட்டும் சோறு போடாது. காரியாபட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கிரயப் பத்திரத்தில் ஏக்கர் இருக்கும், தொகை இருக்கும். அங்கே என்ன விளைந்தது, எந்தக் குருவி கூடு கட்டியது என்று பத்திரம் சொல்லாது.

கன்வரின் கண்காட்சியில் அதற்கும் இடம் இருந்தது. 2012-ல் ஜெர்மனியின் காசெல் நகரிலும், கொச்சியில் நடந்த முதல் பினாலே கலை விழாவிலும் அது வைக்கப்பட்டது. படத்தோடு கூட 250-க்கும் மேற்பட்ட நாட்டு நெல் வகைகளை வரிசையாக வைத்திருந்தார். ஒடிசா விவசாயி நடவர் சாரங்கி காப்பாற்றி வந்த விதைகள் அவை.

வெளிநாட்டார் பார்த்து வியந்ததோடு நின்றிருந்தால் இதில் பெரிய விசேஷம் இல்லை. அதே 2012-ல் ஒடிசாவின் புவனேசுவரத்திலும் இந்தக் கண்காட்சி திறக்கப்பட்டது. அந்த மண்ணின் மக்களே வந்து பார்த்தார்கள். தங்கள் கையில் இருந்த ஆதாரங்களைக் கொண்டு வந்து சேர்க்கவும் அங்கே இடம் விட்டிருந்தார்கள்.