புகையைச் சுவாசிப்பவர்களுக்குத் திட்டமிடத் தெரியாதா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லாங் பீச் நகரின் மேற்குப் பகுதியில் ஹட்சன் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு விரைவுச்சாலை ஓடுகிறது. பிள்ளைகள் விளையாடும் நேரத்திலும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். சற்றுக் கிழக்கே அதைவிடப் பெரிய 710 விரைவுச்சாலை. லாங் பீச், லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகங்களில் இறங்கும் சரக்கைச் சுமந்துகொண்டு கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போகிறது அது. அதன் ஓர ஊர்களில் சுமார் 12 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், உழைத்துப் பிழைப்பவர்கள். தங்கள் வட்டாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர், 'டீசல் சாவு மண்டலம்'.

இந்தச் சாலையை அகலப்படுத்தும் பெருந்திட்டம் 2022இல் கைவிடப்பட்டது. அந்த மக்களையும் உட்கார வைத்து வேறொரு திட்டம் தீட்டப்பட்டது. இது பிடிக்காதவர்கள் சொல்வது இதுதான்: "சாலை போடுவது பொறியாளர் வேலை. ஊராரைக் கேட்டால் வேலை நடக்காது, நெரிசல் தீராது, வியாபாரமும் போய்விடும்." இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: அகலப்படுத்தினால் நெரிசல் தீரும், நெரிசல் தீர்ந்தால் புகையும் குறையும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. ஹூஸ்டனில் கேட்டி விரைவுச்சாலையை 2008இல் துணைச் சாலைகளோடு சேர்த்து 26 தடங்கள் வரை விரித்தார்கள். 2011க்கும் 2014க்கும் இடையில் மாலை நேரப் பயணம் பாதிக்கும் மேல் நீண்டுவிட்டது. லாஸ் ஏஞ்சலஸிலேயே 405 சாலையில் நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டி 2014இல் பணி முடித்தார்கள். நெரிசல் அப்படியே இருக்கிறது. சாலை காலியானால், அதுவரை வேறு நேரத்தில், வேறு வழியில் போனவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். 2011இல் டுரான்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கைப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: சாலை எந்த அளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு ஓட்டமும் கூடுகிறது. ஓட்டம் கூடினால் புகை எப்படிக் குறையும்?

2021இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இந்த இடத்தில்தான் திட்டத்தை நிறுத்தியது. நுண்துகள் மாசு பற்றி முறையான ஆய்வு வேண்டும் என்றது. வீட்டு ஜன்னல் விளிம்பைத் துடைத்து, துணியில் ஒட்டிய கரியைக் காட்டி ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததும் அதைத்தான்.

வாதம் 2: ஊராருக்கு நிபுணத்துவம் இல்லை.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,677 குழந்தைகளைப் பத்து வயதிலிருந்து எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். விரைவுச்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல், தொலைவில் வளர்ந்தவர்களுடையதைப் போல வளரவில்லை. இது பல்கலைக்கழக அறிவு. அந்த அறிவோடு ஊராரும் சேர்ந்துகொண்டார்கள். பயிற்சி பெற்று, கையில் கருவியோடு தெருமுனையில் நின்று, போகிற லாரிகளை எண்ணினார்கள், காற்றிலுள்ள துகள்களை அளந்தார்கள்.

'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 'சமூக மாற்றுத் திட்டம் 7' என்று தாங்களே ஒரு திட்டத்தை வைத்தார்கள். பொது வாகனங்களுக்குப் புதுத் தடம் வேண்டாம், சரக்குக்குப் புகையில்லா லாரித் தடம் வேண்டும், பேருந்தும் ரயிலும் கூடுதலாக வேண்டும், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வழி வேண்டும் என்றது அது. 'எத்தனை தடம்?' என்று பொறியாளர்கள் கேட்டார்கள். 'இந்தச் சாலை எதற்காக, யாருக்காக?' என்று ஊர் கேட்டது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வாதம் 3: மக்களைக் கேட்டால் இழுத்துக்கொண்டே போகும்.

தேதிகளைப் பாருங்கள். அகலப்படுத்தும் ஆய்வு 2000ஐ ஒட்டித் தொடங்கியது. முதல் சுற்றுச்சூழல் வரைவறிக்கை 2012இல் வந்தது, திருத்திய அறிக்கை 2017இல். 2022இல் எல்லாம் மூட்டை கட்டப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் விரிவாக்கம் நடக்கவில்லை. அதற்கு நேர்மாறாக, 2021 செப்டம்பரில் கூடிய பணிக்குழுவில் ஊர் அமைப்புகள், நகராட்சிகள், துறைமுகங்கள், சரக்குத் தொழில், தொழிற்சங்கம் எல்லாரும் இருந்தார்கள். குடியிருப்பவர்களுக்குத் தனியே ஒரு குழுவும் இருந்தது. 2024 ஏப்ரலில், மூன்றாண்டு முடிவதற்குள், முதலீட்டுத் திட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்து அமைப்பான மெட்ரோவின் வாரியம் ஏற்றுக்கொண்டது. கேட்காமல் போட்ட திட்டம்தான் இழுத்தடித்தது.

வாதம் 4: துறைமுகம் படுத்துவிடும், வேலை போய்விடும்.

2021இல், சாலை ஒரு அடிகூட விரியாத நிலையில், இரண்டு துறைமுகங்களும் சேர்ந்து சுமார் 2 கோடி கன்டெய்னர் அலகுகளைக் கையாண்டு சாதனை படைத்தன. அந்த ஆண்டு கடலில் நூறு கப்பல்கள் காத்துக் கிடந்ததும் உண்மைதான். ஆனால் சிக்கியது முனையங்களிலும் கிடங்குகளிலும். பெட்டியை ஏற்ற சட்டகம் கிடைக்காத தட்டுப்பாடு வேறு. 710இல் இரண்டு தடம் கூடியிருந்தால் அது தீர்ந்திருக்காது.

2008இல் பழைய டீசல் லாரிகளைத் துறைமுகங்கள் தடுக்கத் தொடங்கியபோதும் இதே அச்சம் எழுந்தது. லாரிகளின் டீசல் துகள் சில ஆண்டுகளில் பெருமளவு குறைந்தது, துறைமுகங்கள் படுத்துவிடவில்லை. ஆனால் புது லாரிக்கான கடன் ஓட்டுநர்கள் பலரின் தலையில் விழுந்தது. நியாயம் என்ற சொல்லுக்குள் அந்த ஓட்டுநரும் வரவேண்டும். அப்படிப்பட்ட ஓட்டுநர் சிலரின் வீடும் இந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது.

வாதம் 5: மின்சார லாரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

வரட்டும்; ஊராரும் அதைக் கேட்டவர்கள்தான். ஆனால் பிரேக்கும் டயரும் தேய்ந்து எழும் தூசி மின்சார லாரியிலும் உண்டு. சாலையை அகலப்படுத்துவதற்காக வீட்டை இழப்பவருக்கு லாரி எதில் ஓடினால் என்ன?

ஊரின் எதிர்ப்பு பலித்ததும் உண்டு. இதே 710இன் வடக்கு நீட்சியை வசதியான சவுத் பாசடீனா நகரம் எதிர்த்தது. 1973இல் நீதிமன்றத் தடை வந்தது. சுரங்கப் பாதை யோசனையும் 2017இல் கைவிடப்பட்டது. அங்கே ஊர்க்குரல் செல்லும் என்றால், தெற்கே லாங் பீச்சிலும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலும் செல்லாமல் போக எந்த நியாயமும் இல்லை.

புதிய திட்டம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. ஒதுக்கியிருக்கும் சுமார் 74 கோடி டாலரில் சாலைச் சந்திப்புப் பணிகளும் சேர்ந்திருக்கின்றன. அவை அகலப்படுத்தலாக மாறிவிடாமல் பார்க்க யாராவது விழித்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் பணி முடிந்ததும் போய்விடுவார், அதிகாரி மாற்றலாகிப் போவார். ஹட்சன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற தாய் மறுநாள் காலையும் அங்கேதான் இருப்பார். கண்காணிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுப்பதுதான் நல்ல திட்டமிடல்.