போர்க்களம் சென்ற கருவி வயல்வெளிக்கு வாராதா?

காயமுற்ற போர்வீரனை வைத்தியரிடம் தூக்கிச் செல்வதே பண்டைய வழக்கம். வைத்தியரின் கருவியை அவனிடம் கொண்டுசெல்லலாம் என்பதைச் செய்து காட்டியவர் மேரி கியூரி அம்மையார். 1914 இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது, எக்ஸ்ரே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் பிரெஞ்சுப் போர்முனைக்கு அனுப்பினார். உடலுட் புதைந்த குண்டு எங்கே கிடக்கிறதென்று அறிந்து சத்திரசிகிச்சை செய்ய அது உதவியது.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். மூளைக்குள் கசியும் இரத்தத்தைக் காட்டாது. அக்குறையைத் தீர்த்தது சீ.ரீ. ஸ்கேன். 1971 இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை அது படம்பிடித்தது. அக்கருவியும் காலக்கிரமத்திற் போர்முனை சென்றது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்துப் பாலைவனத்திலே, பாஸ்டியன் முகாம் ஆஸ்பத்திரியில் காயமுற்ற படைவீரர்களுக்கு அது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

இதனை நாம் குறைகூறவில்லை. போர்வீரனும் ஒரு தாயின் பிள்ளையே. ஆயின், துப்பாக்கி ஏந்தியவனின் தலைக்குள்ள பெறுமதி ஏர் பிடித்தவனின் தலைக்கு இல்லையா?

நம் நாட்டில் யுத்தம் 2009 இல் ஓய்ந்தது, தலைக்காயங்கள் ஓயவில்லை. வட்டையில் உழவு இயந்திரம் புரண்டு வீழ்ந்தவனுக்கும், வீதியில் மோட்டார் சைக்கிளால் எறியப்பட்டவனுக்கும் குண்டடிபட்டவனைப் போலவே மூளையில் இரத்தம் கசியலாம். பாரிசவாதமோ இன்னும் கொடியது. இரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் வெளிக்குறி ஒன்றே, மருந்தோ நேர்மாறு. அடைப்பைக் கரைக்கும் மருந்தை 4½ மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்; இரத்தக்கசிவு உள்ளவனுக்கு ஏற்றினால் அதுவே எமனாகும். ஸ்கேன் படமின்றி எந்த வைத்தியர் துணிவார்?

ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் 2008 முதல் அம்புலன்ஸ் வண்டிக்குள்ளேயே இக்கருவியை வைத்து ஆராய்ந்தனர். அழைப்புக் கிடைத்ததிலிருந்து சிகிச்சையைத் தீர்மானிக்க 76 நிமிடம் சென்ற இடத்தில் 35 நிமிடமே சென்றதென 2012 இல் அறிவித்தனர். செல்வந்த நாட்டுக்கே இது உரியதென்று தட்டிக்கழிக்கவும் இயலாது. அயலிலுள்ள இந்தியாவின் அஸ்ஸாம் மாநிலத்திலும் இத்தகைய வண்டிகள் ஓடுகின்றன.

பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். கல்முனையிலோ ஒரே ஊரில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள். எதனைக் கேட்டாலும் 'வடக்குக்கா, தெற்குக்கா? தமிழருக்கா, முஸ்லிம்களுக்கா?' என்ற வழக்கு முளைப்பது நாம் அறியாததன்று. சக்கரத்தில் ஓடும் கருவிக்கு அவ்வழக்கு ஏன்? மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் நிந்தவூரிலும் திருக்கோவிலிலும் அது நிற்கும். அழைத்தவன் யாரென்று கேளாது.

வண்டி மாத்திரம் வந்தாற் போதாது. படமெடுக்கப் பயின்றவர், தொலைவிலிருந்து அதனைப் பார்த்துச் சொல்லும் நிபுணர், அடுத்த கட்டச் சத்திரசிகிச்சைக்கு ஏற்பாடு ஆகிய மூன்றும் உடன் வேண்டும். திறப்புவிழாவுக்குப் பின் துருப்பிடிக்கும் இயந்திரத்தை நாம் கேட்கவில்லை.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆகவே இவ்வழக்கை மக்கள் மன்றத்திலேயே தொடுக்க வேண்டியுள்ளது. பள்ளிவாசல் நிருவாகிகளும் ஆலய பரிபாலன சபையினரும் கமக்காரர் அமைப்புகளும் ஒரே மனுவில் ஒருங்கே கையொப்பமிடட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் அம்மனுவை நீட்டுவோம். பதில் சொல்லாமல் அவர்கள் எப்படிப் போவார்கள், பார்ப்போம்!